குழாய் செட்டு ஊரில் ஒரு ஃபோனோ கணக்கு

பென்னாகரம் பக்கம் கல்யாணம், மாரியம்மன் பண்டிகை என்றால் முன்பெல்லாம் மைக்செட்டோடு ஒரு ரெக்கார்டு பிளேயரும் வந்து இறங்கும். அதன் ஒயர் நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். மரத்தில் கட்டிய குழாய் ஊரையே எழுப்பிவிடும். நடுவில் ஃபோனோ ப்ரீஆம்ப் என்றொரு பெட்டி தேவைப்படவே இல்லை. அந்தப் பிளேயர்களில் பெரும்பாலும் இருந்தவை கிரிஸ்டல், செராமிக் கார்ட்ரிட்ஜ்கள், அதாவது ஊசித் தலைகள். கால் வோல்ட், அரை வோல்ட் என்று தாராளமாகத் தருபவை.

இப்போது புது டர்ன்டேபிள் வாங்குகிறவர்கள் அதே பழக்கத்தில் ஆக்ஸில் சொருகிவிட்டு, “சத்தம் கொசு மாதிரி வருதுங்க” என்கிறார்கள். பழுது ஒன்றும் இல்லை. இன்றைய மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவதே சில மில்லிவோல்ட்தான். ஆடியோ டெக்னிகா விஎம்95இ என்றால் 4, ஆர்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 5.5. அதைச் சுமார் 100 மடங்கு, அதாவது 40 டெசிபல், பெருக்க வேண்டும். இசைத்தட்டு வெட்டும்போதே பாஸைக் குறைத்து ட்ரெபிளைத் தூக்கிவிடுவார்கள். 1954 முதல் ஆர்ஐஏஏ அளவுதான் அதற்குப் பொதுக் கணக்கு. அதைத் திருப்பிச் சரிசெய்வதும் ப்ரீஆம்பின் வேலை. பழைய செராமிக் பிளேயரை இதே ஃபோனோ இன்புட்டில் சொருகினாலோ, கரகரவென்று உடையும்.

மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் தனிச் சாதி. 1960-களில் ஜப்பானின் என்எச்கே வானொலிக்காக உருவான டெனான் டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட். 100 மடங்கு பெருக்கினாலும் 30-தான். வால்யூமைத் திருகினால் பாட்டோடு இரைச்சலும் ஏறும். 60 டெசிபல் வேண்டும், 100 ஓமோ அதற்கு மேலோ லோடு வேண்டும். இரண்டும் இல்லாத ப்ரீஆம்புக்கு இதை வாங்குவது வீண் செலவு என்பது என் கட்சி.

மில்லிவோல்ட்டை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். கோட்டை விடுவது கெப்பாசிட்டன்ஸில். விஎம்95இ கேட்பது 47 கிலோ ஓம், 100 முதல் 200 பிகோஃபாரட். ப்ரீஆம்பில் 100 இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. டோன்ஆர்ம் ஒயரையும் வெளி ஒயரையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். சாதாரண ஆடியோ ஒயர் மீட்டருக்கு ஏறக்குறைய 100 சாப்பிடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிளேயர் ஜன்னலோரம், ஆம்ப் எதிர்ச் சுவரில். நடுவே இரண்டு மீட்டர் ஒயர். பஜனைத் தட்டில் ஜால்ரா தகரம் தட்டுவது போலவும், ‘ச’ வரும் இடமெல்லாம் சீறலாகவும் கேட்டது. ஊசி தேய்ந்துவிட்டது என்று புது ஊசிக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ப்ரீஆம்பைப் பிளேயர் பக்கத்திலேயே வைத்து அரை மீட்டர் ஒயர் போட்டதும் சீறல் அடங்கியது. ப்ரீஆம்புக்குப் பிறகு ஒயர் நீண்டால் பெரிதாகக் கெடுதல் இல்லை.

‘ங்ங்ங்’ என்று ஹம் வந்தால் பிளேயரின் மெல்லிய எர்த் ஒயரை ப்ரீஆம்பின் திருகில் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பரணில் கிடக்கும் பழைய மைக்செட் பிளேயரில் ஸ்டீரியோ தட்டு போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. 1978-ல் வந்த ‘ப்ரியா’ படப் பாட்டு போன்ற ஸ்டீரியோ தட்டில் ஊசி மேலும் கீழும்கூட அசைய வேண்டும். பழைய மோனோ தலைகள் பலவற்றில் அந்த நெகிழ்வு கிடையாது, அழுத்தமும் அதிகம், பள்ளத்தைச் சுரண்டிவிடும். 78 வேகத் தட்டுக்கோ பள்ளம் அகலம், அதற்கு வேறு ஊசி.