சொன்னது ஒன்று, காதில் விழுந்தது ஒன்று

கிட்கிந்தா காண்டத்தின் தொடக்கத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். வில்லேந்திய இருவர் மலைப்பக்கம் வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தான் சுக்ரீவன். பார்த்தவுடன், இவர்கள் வாலி அனுப்பிய ஆட்கள் என்று அஞ்சி ஒளிந்துகொண்டான். அனுமன் அப்படி அவசரப்பட்டு முடிவு கட்டவில்லை. பிரம்மசாரி வடிவில் அருகே சென்றான், உற்றுப் பார்த்தான், பணிவோடு பேசினான். அவன் பேசிய சில வார்த்தைகளைக் கேட்டே இராமன் அவனுடைய தகுதியை அறிந்துகொண்டான். 'சொல்லின் செல்வன்' என்று கம்பர் அனுமனுக்குச் சூட்டிய பெயர் பிறந்த இடம் அதுதான்.

வந்தவர்கள் அதே இருவர்தான். ஒருவன் கண்ணுக்குப் பகைவராகவும் மற்றவன் கண்ணுக்கு நல்லவராகவும் தெரிந்தார்கள். சுக்ரீவனின் பயமே கடைசி முடிவாக இருந்திருந்தால் அந்த நட்பு ஏது? இந்தப் பாடத்தில் நாம் பார்க்கப்போவது இதைத்தான். ஒருவர் பேசும்போது அவருடைய சொல் மட்டும் நம் காதில் விழுவதில்லை. 'இவர் இன்னார்' என்று நாம் முன்பே எண்ணிக்கொண்டிருப்பதும் சேர்ந்தே விழுகிறது.

பந்தியில் ஒரு குரல்

கம்பரை விட்டு இனி கம்பெர்ஸ் என்பவரிடம் வருவோம். (பெயர் ஒற்றுமை தற்செயல்தான்!) ஜான் கம்பெர்ஸ், பே ஏரியா அன்பர்கள் நன்கறிந்த பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் பேராசிரியராக இருந்த மொழியியலாளர், 2013-ல் காலமானார். வட இந்தியக் கிராமங்களில் தங்கி மக்கள் பேச்சை ஆராய்ந்தவர். 1982-ல் வெளிவந்த தம் நூலில் அவர் ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார்.

பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலையம். அங்கே ஊழியர்களுக்கான உணவுக்கூடத்தில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் சேர்ந்த பெண்கள் புதிதாக வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். சில நாட்களிலேயே புகார் வந்தது. 'இந்தப் பெண்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, மரியாதை தெரியாதவர்கள்' என்று மேற்பார்வையாளரும் சாப்பிட வந்த தொழிலாளர்களும் குறைப்பட்டார்கள். அந்தப் பெண்களோ, தங்களை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள் என்று மனம் புழுங்கினார்கள்.

கம்பெர்ஸ் அங்கே நடந்த பேச்சைக் கவனித்துக் கேட்டார். அந்தப் பெண்கள் பேசியதே மிகக் குறைவு. மாமிச உணவு வாங்குகிறவரிடம் கிரேவி வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஆங்கிலேயப் பெண்ணாக இருந்தால் 'கிரேவி' என்ற சொல்லின் கடைசியில் குரலை உயர்த்துவாள். அது 'வேண்டுமா?' என்ற கேள்வியாகக் காதில் விழும். நம் நாட்டுப் பெண்கள் அதே சொல்லைக் குரலை இறக்கிச் சொன்னார்கள். கேட்டவர்களுக்கு அது, 'இது கிரேவி, வேண்டுமானால் எடுத்துக்கொள், இல்லையென்றால் போ' என்பது போல் இருந்தது!

நம் கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். வாளியும் கரண்டியுமாக வருகிறவர் 'சாம்பார்... சாம்பார்...' என்று குரலை ஏற்றாமல் சொல்லிக்கொண்டே இலை இலையாக நகர்வார். அவரை மரியாதை தெரியாதவர் என்று யாராவது சொல்வோமா? தமிழில் 'வேணுமா' என்பதில் உள்ள 'ஆ' என்ற ஓர் எழுத்தே கேள்வியின் வேலையைச் செய்துவிடுகிறது. அதைச் சொல்லாமல் விட்டாலும் பந்தியில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையைக் குரலின் ஏற்றம் செய்கிறது.

அங்கே நடந்த பேச்சைப் பதிவு செய்து, இரு தரப்பாரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்கள். முதலில் அந்தப் பெண்கள், 'இரண்டு பேரும் ஒன்றைத்தானே சொல்கிறோம், என்ன வித்தியாசம்?' என்று கேட்டார்கள். விளக்கிய பிறகு, தங்களைச் சுற்றி இருந்தவர்கள் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்பது அவர்களுக்குப் புரிய ஆரம்பித்தது. மேற்பார்வையாளர்களுக்கும், இதில் அவமதிப்பு எதுவும் இல்லை, இவர்கள் கேள்வி கேட்கும் வழக்கமே இப்படித்தான் என்று தெளிவாயிற்று. ஒரே ஒரு சொல்லின் இறக்கம் இரண்டு கூட்டத்தாரைப் பகைவர்களாக்க இருந்தது.

கண்ணும் கேட்கிறது

அப்படியானால் தவறெல்லாம் நம் தொனியில்தானா? நாம் திருத்திக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அப்படியும் சொல்ல முடியாது.

டானல்ட் ரூபின் என்பவர் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு ஒன்று 1992-ல் வெளியாயிற்று. கல்லூரி மாணவர்களுக்கு ஓர் ஒலிநாடாவில் பாடம் ஒன்றைப் போட்டார். பேசியவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கப் பெண். சில மாணவர்களுக்கு 'இவர்தான் ஆசிரியை' என்று வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைக் காட்டினார். வேறு சிலருக்கு ஆசியப் பெண்ணின் படத்தைக் காட்டினார். எல்லோரும் கேட்டது ஒரே குரலைத்தான். ஆனால் ஆசிய முகத்தைப் பார்த்தவர்களின் காதில் அந்நிய உச்சரிப்பு விழுந்தது! அது மட்டுமல்ல, அவர்களுக்குப் பாடமும் குறைவாகவே மனதில் பதிந்தது.

அலுவலகத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியும் 'என்ன சொன்னீர்கள்?' என்று திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. எல்லாச் சமயத்திலும் குறை நம் நாக்கில் இல்லை என்பதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிவைப்பது நல்லது. அதே மூச்சில் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் கோவிலுக்கு முதல்முறை வரும் வேற்று முகத்தைப் பார்த்தவுடன், அவர் வாய் திறப்பதற்கு முன்பே நாம் எத்தனை முடிவுகள் கட்டிவிடுகிறோம்?

மரியாதை எங்கே இருக்கிறது?

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. 'கொடு' என்பது கட்டளை. 'கொடுங்கள்' என்றால் அதிலேயே பணிவு வந்துவிடுகிறது. தனியாக ஒரு 'ப்ளீஸ்' தேவையில்லை. 'தயவுசெய்து' என்பது அறிவிப்புப் பலகையில் எழுதும் சொல்; வீட்டில் சொன்னால் கெஞ்சுவது போல் இருக்கும். ஆங்கில வினைச்சொல்லுக்கோ அந்த வால் கிடையாது. ஆகவே மனதில் 'கொடுங்கள்' என்று நினைத்து வாயில் 'கிவ் மீ' என்று சொல்கிறோம். நம்மிடமிருந்து மரியாதைதான் புறப்பட்டது. அவரிடம் போய்ச் சேர்ந்தது அதிகாரம்!

வீட்டுக்குள் இது தலைகீழாக நடக்கிறது. என் தாயார் ஊரிலிருந்து வந்திருந்தபோது என் மகளுக்கு வயது ஒன்பது. பாட்டி தோசை போட்டால் 'தேங்க் யூ பாட்டி', தண்ணீர் கொடுத்தால் 'தேங்க் யூ பாட்டி'. பள்ளியில் கற்றுக்கொடுத்த நல்ல பழக்கம்தான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அம்மா என்னிடம், 'ஏண்டா, நான் என்ன ஹோட்டல்காரியா? இவள் ஏன் என்னை இப்படி வேற்று மனுஷியாக நினைக்கிறாள்?' என்று கேட்டுக் கண் கலங்கினார். அதே வாரம் மகள் என்னிடம் சொன்ன குறை வேறு: 'பாட்டி எப்போது பார்த்தாலும் சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்று என்னைச் செக் பண்ணுகிறார்கள். என்மேல் நம்பிக்கையே இல்லை.'

இரண்டு பேரும் காட்டியது அன்பு. இரண்டு பேருக்கும் எட்டியது மனத்தாங்கல். ஊரில் 'சாப்பிட்டாயா?' என்பதற்கு 'சௌக்கியமா, உன்மேல் எனக்கு அக்கறை இருக்கிறது' என்று பொருள் என்பதை மகளிடம் சொன்னேன். இந்த ஊரில் 'தேங்க் யூ' சொல்லாத பிள்ளையைத்தான் வளர்ப்பு சரியில்லை என்பார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் காலை மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, 'பாட்டி, நீங்க சாப்பிட்டீங்களா?' என்று கேட்டாள். அம்மாவின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும்! அம்மா இன்று இல்லை. அந்த ஒரு கேள்வி எங்கள் வீட்டில் இருக்கிறது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஒருவர் பேச்சு சுருக்கென்று தைத்தால், 'இவர் குணமே இப்படி' என்று சொல்வதற்கு முன் 'இது இவர் வழக்கமாக இருக்குமோ?' என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

2. சந்தேகம் வந்தால் மூன்றாம் மனிதரிடம் குறை சொல்லாமல் அவரிடமே கேளுங்கள். சுக்ரீவன் தூரத்திலிருந்து பார்த்தான். அனுமன் அருகே போய்ப் பேசினான்.

3. வேண்டுமென்றே அவமதிப்பவரும் உலகில் உண்டு. கேட்டுத் தெளிந்த பிறகும் அது அவமதிப்புதான் என்று தெரிந்தால் பொறுத்துப் போக வேண்டியதில்லை. நிதானமாக, உறுதியாகச் சொல்லுங்கள்.

வீட்டில் கலந்து பேச

பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து இவற்றைப் பேசுங்கள். நாம் வீட்டில் 'பார்க்கலாம்' என்று சொன்னால் அதற்கு 'சரி' என்று பொருளா, 'முடியாது' என்று பொருளா? பெரியவர் கண்டிக்கும்போது தலைகுனிந்து நிற்பது நம் வழக்கத்தில் மரியாதை. பள்ளியில் ஆசிரியை அதை எப்படி எடுத்துக்கொள்வார்? சென்ற மாதத்தில் யாருடைய பேச்சை நாம் தவறாக எடுத்துக்கொண்டோம்?

திருவள்ளுவர் 'இனியவை கூறல்' என்று பத்தாவது அதிகாரத்தை வைத்தார். 'சொல்வன்மை' என்று அறுபத்தைந்தாவதை வைத்தார். இரண்டும் பேசுகிறவருக்கு. இடையே நாற்பத்திரண்டாவது அதிகாரமாகக் 'கேள்வி' என்று ஒன்றை வைத்தார், அது கேட்கிறவருக்கு. முதல் இரண்டையும் பிள்ளைகளுக்குப் போட்டிக்காக மனப்பாடம் செய்விக்கிறோம். மூன்றாவதையும் இந்த வாரம் எல்லோரும் சேர்ந்து படிப்போமே!