இட்லிக்கு மட்டும் கணக்கா?

கேள்வி: நஷ்டத்தில் ஓடும் அம்மா உணவகங்களைச் சென்னை மாநகராட்சி இன்னும் ஏன் கட்டி அழ வேண்டும்? அந்தப் பணத்தில் சாலை போடலாமே?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: தெருவிளக்கில் என்ன லாபம் என்று யாரும் கேட்பதில்லை, இட்லிக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறோம். 2013-இல் தொடங்கும்போதே இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3 என்றுதான் விலை வைத்தார்கள். அரிசி மலிவாகக் கிடைத்தாலும் பருப்பு, கேஸ், சமைக்கும் மகளிர் குழுவினரின் கூலி எல்லாம் அதில் தேறுமா? கையைக் கடிக்கும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. 2020 ஊரடங்கில் பல ஓட்டல்கள் பூட்டிக் கிடந்தபோது இங்கே அடுப்பு எரிந்தது. ஆட்சி மாறிய பிறகும் திட்டத்தைக் கைவிட யாருக்கும் மனம் வரவில்லை (துணிச்சலும்தான்!). 2024-இல் சீரமைப்புக்கென்று 21 கோடி ரூபாய் அறிவித்தார்கள்.

ஆனாலும் உங்கள் எரிச்சலில் நியாயம் உண்டு. தேவையைப் பார்க்காமல் வார்டுக்கு இத்தனை என்று பங்கு பிரித்துத் திறந்ததுதான் கோளாறு. அரசு மருத்துவமனை வாசலில் வரிசை நிற்கிறது. சில தெருக்களில் ஈ ஓட்டுகிறார்கள். ஆள் வராததை எடுத்து, கட்டட வேலையாட்கள் கூடும் இடத்துக்கு மாற்றச் சொல்லி உங்கள் கவுன்சிலரிடம் எழுதிக் கொடுங்கள். சாலைக்கும் தனியாக ஒரு மனு போடுங்கள்.