பால் சங்கமும் பழஞ்சுவடியும்

(இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு மாணவர்)

கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, செப்புத் திருமேனி என நம் முன்னோர் விட்டுச் சென்ற செல்வங்கள் பல. அவற்றின் பெருமையைப் பேசுவோரும் பலர். ஆனால், அவை நாள்தோறும் எவ்வாறு காக்கப்படுகின்றன என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அப்பணிக்குச் 'செயல்முறை மேலாண்மை' எவ்வாறு துணை செய்யும் என்பதை நான் அறிந்த அளவில் இங்குக் கூற முற்படுகிறேன்.

செயல்முறை மேலாண்மை என்பது யாது?

ஒரு பணியைப் படிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். படி முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பதிவோ சோதனையோ இருக்க வேண்டும். தவறு நேர்ந்தால் அது எந்தப் படியில் நேர்ந்தது எனக் கண்டு திருத்த வேண்டும். இவ்வளவே இதன் சாரம்.

இது பெரிய ஆலைகளுக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டா. பழனிமலை அடிவாரத்தில் உள்ள எங்கள் ஊராகிய கன்னிவாடியில், பால் சங்கத்தில் இதைச் சிறு வயது முதலே கண்டு வருகிறேன். என் தந்தையாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் அவர் ஊற்றும் பாலின் அளவும் கொழுப்புச் சத்தும் அவருடைய உறுப்பினர் எண்ணில் அந்த வேளையே ஏறிவிடும். மாதிரி எடுத்த பின்னரே பால் கேனுக்குள் போகும். தொகை குறைந்தால் எந்த நாள், எந்த வேளை என்று கேட்டு அறியலாம்.

அருங்காட்சியகத்தில் படிகள்

அருங்காட்சியகத்திற்கும் இத்தகைய ஒழுங்கு உண்டு. இங்கிலாந்தில் 1994-ல் முதன்முதலாக வெளியான 'ஸ்பெக்ட்ரம்' என்னும் நெறிமுறை இதற்குச் சான்று. இன்று அது அருங்காட்சியகப் பணிகளை 21 செயல்முறைகளாக வகுத்துள்ளது. அவற்றுள் 9 அடிப்படையானவை. பொருள் உள்ளே வரும்போது குறித்துக்கொண்டு, கொடுத்தவருக்குச் சீட்டுத் தருதல், உடைமையாக ஏற்று எண் இடுதல், இருக்கும் இடத்தைக் குறித்தல், விவர அட்டவணை எழுதுதல், வெளியே போவதைப் பதிதல் முதலியன அவற்றுள் அடங்கும்.

வேதியியல் மாணவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்த சான்று நம் நாட்டிலேயே உள்ளது. 1851-ல் தொடங்கப்பெற்ற சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-ல் பழம்பொருள் காப்புக்கென வேதியியல் ஆய்வுக்கூடம் அமைந்தது. அதனைத் தொடங்கி நடத்தியவர் அறிஞர் எஸ். பரமசிவன். மண்ணில் புதைந்து கிடந்த செப்புத் திருமேனிகளில் குளோரைடு ஊறியிருக்கும். காற்றின் ஈரம் பட்டதும் அது உலோகத்தை அரித்து வெளிர்பச்சைத் தூளாக்கும். அரிப்பு தானே நிற்பதில்லை.

இதற்கு மின்னாற்பகுப்பு முறை கையாளப்பட்டது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சிலையை எதிர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தினால் குளோரைடு வெளியேறும். பின்னர்ச் சிலையைக் காய்ச்சி வடித்த நீரில் பலமுறை கழுவ வேண்டும். எப்போது நிறுத்துவது? கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட்டை விட்டால் வெண்மை தோன்றாதபோதுதான். கண்ணுக்குத் தூய்மையாகத் தெரிகிறதே என்று முன்னரே நிறுத்தினால் நோய் மீண்டும் தலைகாட்டும். பாலில் மாதிரி எடுப்பதும் சிலையில் இந்தச் சோதனையும் ஒன்றே. முந்தைய படி முடிந்தது என்று மெய்ப்பித்த பிறகே அடுத்த படி.

எங்கள் வீட்டுச் சுவடி

முதற்படியே தவறினால் என்னாகும்? என் தாத்தா மாட்டு வைத்தியர். மாட்டு வாகடம் எழுதிய ஓலைக்கட்டு ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருந்ததாம். நான் பிறப்பதற்கு முன், சுவடி சேகரிக்க வந்த ஒரு நிறுவனத்தாரிடம் அப்பத்தா அதைக் கொடுத்துவிட்டார். "கரையான் திங்காம இருந்தாச் சரின்னு குடுத்தேன்" என்பார். அவர்கள் சீட்டுத் தரவில்லை. கேட்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியவுமில்லை.

சென்ற ஆண்டு அதனைத் தேடிச் சென்றேன். அங்கிருந்தவர் அன்புடனேயே, "தம்பி, எண் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "கன்னிவாடியில் வாங்கியதுங்க ஐயா" என்பதைத் தவிர என்னிடம் வேறு விடையில்லை. பிரிக்கப்படாத கட்டுகள் பல அடுக்கில் இருந்தன. எந்த ஊர், யார் கொடுத்தது என்ற குறிப்பு அவற்றில் இல்லை. 'இருக்கிறது' என்றும் அவரால் சொல்ல இயலவில்லை. 'இல்லை' என்றும் சொல்ல இயலவில்லை. ஒருவேளை அந்த ஓலை கரையானுக்குத் தப்பியிருக்கலாம். எங்களைப் பொறுத்தவரை அது போனது போனதுதான். ஒரு லிட்டர் பாலுக்குக் கணக்கு வைக்கும் குடும்பம், தாத்தாவின் அறிவுக்குக் கணக்கு வைக்கவில்லை.

நாம் செய்யக்கூடியது

ஆள் போதவில்லை, பணம் போதவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் முதற்படிக்கு வேண்டுவது ஒரு பேரேடும் ஒரு பேனாவுமே. படிவம் நிரப்புவதே பணியாகிவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு. அதற்கும் எளிய சோதனை இருக்கிறது. பேரேட்டிலிருந்து பத்து எண்களை எடுத்து அடுக்கில் தேட வேண்டும். அடுக்கிலிருந்து பத்துப் பொருள்களை எடுத்துப் பேரேட்டில் தேட வேண்டும். இரண்டும் பொருந்தினால் செயல்முறை உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

மாணவ நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் ஊர்களில், வீடுகளில் உள்ள பழம்பொருள்களை நாம் பட்டியலிடலாம். எண், பொருள், உடையவர், இடம், அளவு, நிலை, தேதி என ஏழு கட்டங்கள் போதும். பொருளை வாங்கி வர வேண்டா. அது உரியவரிடமே இருக்கட்டும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன்.

நான் ஒரு நோட்டில் தொடங்கிவிட்டேன். எண் 1: மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாய். உடையவர் என் அப்பத்தா. நிலை: ஒரு பக்கம் விரிசல்.