கத்தரிக்கோலை எடுக்கும் முன்...

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



நம் பேரவை சார்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காகிதக் கைவினை வகுப்பு நடக்கிறதே, அதைப் பற்றி யார் விசாரித்தாலும் "என்ன செய்ய சொல்லிக் கொடுத்தீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். "என்ன கொண்டு போனீங்க?" என்று ஒருவரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் வகுப்பு உருப்படுவதும் உருப்படாததும் முக்கால்வாசி சனிக்கிழமை ராத்திரி பையைக் கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. அடுத்த வருடம் இந்தப் பையைத் தூக்கப் போகும் ஜூனியர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் விஷயம், வீட்டுக்கு லிஸ்ட் அனுப்பாதீர்கள். ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) "ஆளுக்கு ரெண்டு சார்ட், ஒரு கோந்து, கலர் பேப்பர் கொண்டு வாங்க" என்று டீச்சர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நாங்கள் போனபோது பாதிப் பிள்ளைகள் முன் பெஞ்சில் கடை பரப்பியிருந்தார்கள். மீதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் தறிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். வாரக் கூலி வாங்கும் வீட்டில் வியாழக்கிழமை லிஸ்ட் நீட்டினால் என்ன கிடைக்கும்? அன்றிலிருந்து நமக்கு ஒரே விதி. நாற்பது பிள்ளை என்றால் நாற்பது கவர், எல்லாக் கவரிலும் ஒரே சாமான். கீழே சொல்லும் கணக்கெல்லாம் அந்த நாற்பது கவரை நம் கைக்காசில் நிரப்புவதற்காகத்தான்.

சார்ட் கணக்கு

கடையில் கிடைக்கும் சார்ட் 22 அங்குலம் அகலம், 28 அங்குலம் நீளம். டப்பா செய்ய சதுரத் துண்டு வேண்டும். 7 அங்குலச் சதுரம் என்றால் குறுக்கே மூன்று, நெடுக்கே நான்கு, ஆகப் பன்னிரண்டு கிடைக்கும். ஓரத்தில் ஒரு அங்குல நாடாதான் மிஞ்சும். "கொஞ்சம் பெரிசா இருக்கட்டுமே" என்று 8 அங்குலமாக்கிப் பாருங்கள். குறுக்கே இரண்டு, நெடுக்கே மூன்று, வெறும் ஆறு! ஒரு அங்குல ஆசைக்குப் பாதி சார்ட் போயிற்று. ஆளுக்கு மூன்று சதுரம் வீதம் நாற்பது பேருக்கு 120. ஏழு அங்குலத்தில் பத்து சார்ட் போதும், எட்டில் இருபது வாங்கணும். பிள்ளைகள் கிழிப்பார்கள், அதற்கு ஒரு சார்ட் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். ஆகவே முதலில் சார்ட்டை அளந்து, அதற்கேற்ப டப்பாவைத் தீர்மானியுங்கள். மெஷின் ஷாப்பில் பாரிலிருந்து ஜாப் வெட்டும்போது இதைத்தானே செய்கிறோம்?

மடிக்கிற தாள் வேறு. 60 முதல் 80 ஜி.எஸ்.எம். இருந்தால் பிள்ளைகளின் விரலுக்கு நன்றாக மடியும். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதே ஜி.எஸ்.எம். ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர் வரும். அதனால் மளிகைக் கடைத் தராசில் பதினாறு ஏ4 தாளை வைத்தால் காட்டுகிற கிராமே அந்தத் தாளின் ஜி.எஸ்.எம்.

காகிதம் மடிப்பதற்கு விசேஷத் தாள் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1893-இல் சென்னையிலிருந்து டி. சுந்தர ராவ் என்பவர் காகித மடிப்பு வழியாக ஜியோமிதி கற்பிக்கும் புத்தகம் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1901-இல் அது அமெரிக்காவில் சிகாகோவில் மறுபதிப்பானது. நடுத்தரக் கனமுள்ள எந்தத் தாளும் போதும், வண்ணத்தாள் என்றால் மடிப்புக் கோடு பளிச்சென்று தெரியும் என்பதே அவர் கருத்து. நமக்குப் பக்கத்தில் சிவகாசி இருக்கிறது. அச்சகங்களில் காலண்டர், நோட்டு அட்டை வெட்டிய பிறகு விழும் வண்ணத் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போதே அளவு வாரியாகப் பிரித்துவிடுங்கள். மூட்டையாகக் கொண்டுவந்தால் ராத்திரி முழுக்கப் பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தாளுக்கும் பாவு உண்டு

மெஷினில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் மெஷின் ஓடும் திசையிலேயே படுத்திருக்கும். துணிக்குப் பாவு, ஊடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாரோடு மடித்தால் வழுக்கிக்கொண்டு மடியும். நாருக்குக் குறுக்கே மடித்தால் விளிம்பு வெடிக்கும், கனமான அட்டையில் இது கண்ணுக்கே தெரியும். கண்டுபிடிக்க ஒரே தாளில் நெடுக்காக ஒரு துண்டும் குறுக்காக ஒரு துண்டும் ஒரே அளவில் வெட்டி, இரண்டையும் சேர்த்து ஒரு முனையில் பிடியுங்கள். தலை தொங்குவது குறுக்குத் துண்டு. இதைத் தெரிந்துகொண்டு ஒவ்வொரு சார்ட்டின் பின்னாலும் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டால், வாழ்த்து அட்டைக்கு எந்தப் பக்கம் மடிக்கணும் என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

கனமான அட்டையை மடிக்கும் முன் கோடு அழுத்த வேண்டும். இதற்குத் தனியாகக் கருவி வாங்காதீர்கள். எழுதித் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவே போதும். ஹாஸ்டலில் ஒரு ரவுண்டு வந்தால் நாற்பது தேறிவிடும்.

பசை

ஃபெவிக்கால் நல்ல பசைதான். ஆனால் நாற்பது பிள்ளைகளுக்குக் கட்டுபடியாகாது, கூழ் வேலைக்குத் தேவையும் இல்லை. 100 கிராம் மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்துக்கொண்டு, பிறகு மொத்தம் அரை லிட்டர் வரும்படி தண்ணீர் சேர்த்து, சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். 60 டிகிரியைத் தாண்டும்போது மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து வீங்கும். வெள்ளையாக இருந்தது கண்ணாடி போல மினுங்க ஆரம்பித்ததும் இறக்கிவிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பைண்டிங்காரர்களும் போஸ்டர் ஒட்டுபவர்களும் பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவது வழக்கம். அது விஷம். பிள்ளைகள் விரலை வாயில் வைப்பார்கள், ஆகவே நம் பசையில் கூடவே கூடாது. ராத்திரி காய்ச்சிக் காலையில் பயன்படுத்தி, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

நம்ம ஊர் சாமான்

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். இன்று நூல் மில் என்பது இந்த ஊரில் யாருக்கும் புதிதல்ல. நூல் சுற்றும் காகிதக் கோன்களில் நசுங்கியதும் ஓரம் பிய்ந்ததும் மில்லுக்கு ஆகாது, நமக்கு அது தங்கம். 4 டிகிரி 20 நிமிடச் சரிவுள்ள கோன் பரவலாகப் புழக்கத்தில் உள்ளது. அதை வளையம் வளையமாக அறுத்தால் ஒவ்வொன்றும் ஒரு விட்டத்தில் வரும். ஒன்றுக்குள் ஒன்று செருகி மீன், ரயில், கோபுரம் என்று பிள்ளைகள் என்னென்னவோ செய்கிறார்கள். கோன் கல்லு மாதிரி இருக்கும், கத்தரிக்கோலுக்கு மசியாது. நம் ஒர்க்‌ஷாப்பிலேயே ஹாக்ஸாவால் அறுத்து, உப்புத்தாள் போட்டு, விளிம்பைத் தடவிப் பார்த்த பிறகே கவரில் வைக்க வேண்டும்.

சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி நெய்வது உங்களுக்குத் தெரியும். அந்தச் சல்லாத் துணியைப் பசையில் நனைத்து பலூன் மேலோ கிண்ணத்தின் மேலோ போர்த்திக் காயவிட்டால் அந்த உருவம் அப்படியே நிற்கும். நியூஸ்பேப்பர் அடுக்கை விட இது சீக்கிரம் காய்கிறது. முகமூடி செய்ய இதை விட நல்ல சாமான் இல்லை. ஆனால் வெளுத்த துணியாகப் பார்த்துக் கேளுங்கள். தறியிலிருந்து இறங்கிய பச்சைத் துணியில் பருத்தியின் இயற்கை மெழுகு அப்படியே இருப்பதால் பசை உள்ளே இறங்காது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து வெளுத்த பிறகே துணி தண்ணீரைக் குடிக்கும். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால், நன்றாக வெளுத்தது பத்து விநாடிக்குள் மூழ்கும், பச்சைத் துணி மிதந்துகொண்டே இருக்கும். தறியிலோ கம்பெனியிலோ வெட்டி ஒதுக்கிய புதுத் துணி மட்டுமே வேண்டும். ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே போகாதீர்கள்.

காகிதத்தோடு துணி, நூல், இலை எல்லாம் சேரும் வேலையைக் கலப்பு ஊடகம் என்கிறார்கள். 1912-இல் பிகாசோ ஒரு ஓவியத்தில் பிரம்புப் பின்னல் அச்சிட்ட துணியை ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக வைத்தார் என்று கலை வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லும். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். மாதுளம் பூ மூக்காகிறது. மரவள்ளி இலை உடம்பாகிறது. இறக்கைக்கு நந்தியாவட்டை இலையும் பனை ஓலையும், வாலுக்கு அரளி, கண்ணுக்குக் காக்காப்பொன், கட்டுவதற்கு வாழைநார். ஒவ்வொரு சாமானும் தனக்குத் தெரிந்த வேலையை மட்டும் செய்கிறது பாருங்கள். சிவப்பும் வளைவும் மாதுளம் பூவிலேயே இருப்பதால் மூக்குக்குச் சாயம் பூச வேண்டியதில்லை.

பை நிரப்பும்போது இந்தக் கிளியை மனசில் வைத்துக்கொள்வேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளிடம் கவரைப் பிரித்துக் கொடுத்து "கிளி செய்யுங்க, எது மூக்கு, எது வால்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லிப் பாருங்கள். கோயில் கிளியைப் பார்த்தே வளர்ந்தவர்கள், நம்மை விட வேகமாகப் பொறுக்குவார்கள். ஒரு பொண்ணு சல்லாத் துணியின் ஓர நூலைப் பிரித்து வால் கட்டினாள். "அக்கா, அண்ணா, பாருங்க" என்று அவள் காட்டிய பிறகுதான் அந்த நூல் எங்கள் லிஸ்டில் ஏறியது. அவள் கையைக் கட்டி உட்கார்ந்திருந்த வரிசைக்காரி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை வகுப்புகளுக்குக் கூழ் வேலை வைக்காதீர்கள். மழையில் காயாமல் பூஞ்சை பூத்துவிடும். அந்த மாதங்களில் மடிப்பு, பின்னல், கட்டுவது போதும். தாளை பிளாஸ்டிக் உறையில் படுக்க வைத்துக் கொண்டு போங்கள், சுருட்டினால் அரை மணி நேரம் நிமிர்த்துவதிலேயே போய்விடும். கத்தரிக்கோல் நாலு பேருக்கு ஒன்று, முனை மழுங்கியது. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கணும். நாற்பது கவரோடு பெயர் எழுதாத கவர் இரண்டு சேர்த்துக் கட்டுங்கள். ஏதாவது ஒரு பிள்ளை தம்பியையோ தங்கச்சியையோ இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வரும்.