புதுப் பெயிண்டை எதுவரை தேய்க்கலாம்?

என்னிடம் இருப்பது பிரீமியர் பத்மினி. மும்பை குர்லாவில் பிறந்த கார். அதற்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையை பூத் வைத்திருக்கும் பெயிண்டரிடம் விட்டுவிடுவேன். பெயிண்டை இறுக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. முறையான மாஸ்க்கும் காற்றோட்டமும் இல்லாமல் வீட்டு வாசலில் அடிப்பது நுரையீரலுக்குக் கேடு. அதற்குப் பின் வரும் தேய்ப்பும் பாலிஷும் என் கைவேலை. இதில் நான் உறுதியாக நம்புவது ஒன்று: நல்ல ஃபினிஷ் வேண்டுமென்றால், எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

காரணம் எளிது. நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40 முதல் 60 மைக்ரான்தான். ஒரு தலைமுடியைவிட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் அதுதான். அதிகம் தேய்த்தால் இன்று மின்னும், சில கோடைக்குள் வெளிறி உரியத் தொடங்கும். அதனால் பெயிண்டரிடம் முன்கூட்டியே, “அண்ணே, நான் வாட்டர் பேப்பர் போடுவேன், கிளியர் ஒரு கோட் சேர்த்து அடிங்க” என்று சொல்லிவிடுவேன். தடிமன் அளக்கும் மீட்டர் கிடைத்தால் தேய்க்கும் முன்பும் பின்பும் ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். பட்டி போட்ட இடத்தில் எண் எகிறும். அதைக் கிளியரின் தடிமன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

காய்ந்ததா என்று பாருங்கள்

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே தின்னர் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டுப் பாலிஷ் போட்டால், படலம் சுருங்கச் சுருங்கப் பளபளப்பு மங்கும்; பேப்பர் கோடுகளும் மறுபடி தலைகாட்டும். ஹார்டனர் கலந்த பெயிண்ட் என்றால் டப்பாவில் குறித்திருக்கும் நேரத்தை மதியுங்கள். ஈரப்பதமான மழைக்காலத்தில் கூடுதலாகவே பொறுங்கள். அதற்காக மாதக்கணக்கில் விட்டாலும் படலம் இறுகி, கைதான் வலிக்கும். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டுக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். பேப்பரில் பெயிண்ட் உருண்டு உருண்டு ஒட்டுகிறதா? அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.

தண்ணீரும் பேப்பரும்

வாட்டர் பேப்பரைக் கால் மணி நேரமாவது ஊறவைத்து, வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விடுவேன். பேப்பரின் எண் கூடக் கூடத் துகள் சிறுக்கும்: பி1500-இல் சுமார் 12.6 மைக்ரான், பி2000-இல் 10.3. ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளத்துக்கு பி1500 போதும். பெயிண்ட் வடிந்து நின்ற இடத்தில் மட்டும் பி1000, அதுவும் சின்ன, கெட்டியான பிளாக்கில் சுற்றி.

விரலை மட்டும் வைத்துத் தேய்த்தால் விரல் விரலாய்ப் பள்ளம் விழும். ரப்பர் பிளாக் கட்டாயம். அழுத்தம் வேண்டாம். எனக்குச் சொல்லிக்கொடுத்த பெயிண்டர் அண்ணன் பக்கத்தில் நின்று, “தம்பி, பேப்பர் இழுக்குதுன்னா தண்ணி கேக்குது, அமுக்காதீங்க” என்பார். இடையில் சிக்கிய ஒரு மணல் துகள் பானெட் முழுக்கக் கோடு போட்டுவிடும். பேப்பரை அடிக்கடி அலசுங்கள்.

சில இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரை ரப்பர் வைப்பரால் வழித்துவிட்டுப் பாருங்கள். தேய்ந்த மேடு மங்கலாகவும், தேயாத பள்ளம் மினுமினுக்கும் புள்ளியாகவும் தெரியும். புள்ளிகள் பெரும்பாலும் மறைந்ததும் நான் கையெடுத்துவிடுவேன். கடைசிப் புள்ளியைத் துரத்திப் போனால் சுற்றியுள்ள கிளியர் எல்லாம் கரையும். வடியும் தண்ணீர் வெள்ளையாக இருக்கும்வரை தேய்வது கிளியர். நிறம் கலந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். கிளியர் இல்லாத ஒற்றைப் பூச்சு வண்டிக்கு இந்த அடையாளம் உதவாது. அங்கே முதல் இழுப்பிலேயே நிறம் வரும்.

பத்மினியின் பின்பக்க வால் மேடு, கதவு விளிம்பு, ஹெட்லைட் மேல் வளைவு ஆகிய இடங்களில் பெயிண்ட் மெல்லியதாகத்தான் நிற்கும். அங்கெல்லாம் முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுகிறேன். கடைசியில் டேப்பை எடுத்து, பி3000-ஆல் கையாலேயே மெல்ல இரண்டு இழுப்பு.

பி1500-க்குப் பின் பி2000, பிறகு பி3000. ஒவ்வொரு முறையும் திசையை மாற்றித் தேய்த்தால், முந்தைய கோடு போனதா என்பது கண்ணுக்குத் தெரியும். இதில் சோம்பினால் பாலிஷில் அந்தக் கோட்டை எடுக்க மூன்று மடங்கு உழைக்க வேண்டும்.

மெஷின் பிடிக்கும்போது

வண்டி நிழலில், பானெட் சூடில்லாமல் இருக்க வேண்டும். கம்பளி பேடில் கட்டிங் காம்பவுண்ட், வேகம் நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்று. ஒரு நேரத்தில் இரண்டடிக்கு இரண்டடி. மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தவே கூடாது. புறங்கையை வைத்துப் பார்ப்பேன், சுட்டால் ஆறவிடுவேன். விளிம்பில் பேட் உள்ளிருந்து வெளியே சுழலும்படி பிடியுங்கள்; எதிர்த்துச் சுழன்றால் பெயிண்டைக் கிழித்துவிடும். அடுத்து ஃபோம் பேடில் நைஸ் பாலிஷ்.

காம்பவுண்டில் உள்ள எண்ணெய் நுண்கோடுகளை மறைத்துக் காட்டும். தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் உண்மை தெரிந்துவிடும்.

வேக்ஸுக்கு ஒன்றிரண்டு மாதம் பொறுங்கள். படலம் மூச்சுவிட வேண்டும். போர் தண்ணீரில் கழுவினால் வெயிலில் காயவிடாமல் உடனே துடையுங்கள். உப்புக் கறை புதுப் பெயிண்டில் சீக்கிரம் பதியும்.

கண்ணாடித் தகடு போலத் தட்டையாக்கியே தீரவேண்டும் என்பதில்லை. அந்தக் காலத்துக் கார்கள் ஃபேக்டரியிலிருந்து லேசான ஆரஞ்சுத் தோலோடுதான் வந்தன; அது குறையல்ல. இன்னும் பல ஆண்டு ஓடவேண்டிய வண்டி இது. நாளை ஒரு கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு எடுக்கும் அளவுக்காவது பெயிண்ட் மிச்சமிருக்கட்டும்.