முகப்பருவும் மருத்துவர் தரும் ஜெல்லும்

உடல்நலப் பாடம்



நம் சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு முகத்தில் பரு இருக்கிறது. சிலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. சிலர் குழுப்படம் எடுக்கும்போது பின்வரிசைக்குப் போய் நிற்கிறார்கள். "என்னடா, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?" என்று சொந்தக்காரர்களே நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டால், அடுத்த முறை தேவாரம் பாட மேடை ஏறவே தயங்குகிறார்கள். அதனால் பருவைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். உடம்பைப் பேணுவதும் இறைவழிபாட்டோடு சேர்ந்ததுதான் என்று காட்டியவர் திருமூலர்.

பருவுக்கு நல்ல மருந்து உண்டு. ஆனால் அது மெதுவாக வேலை செய்யும். அந்த மெதுவைப் பொறுக்க முடியாமல் நாம் செய்யும் காரியங்கள்தான் பெரும்பாலும் முகத்தைக் கெடுக்கின்றன. இந்த மாதம் அதைத்தான் படிக்கப் போகிறோம்.

1. பரு எப்படி வருகிறது?

நம் தோலில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. வயதுக்கு வரும் பருவத்தில் ஹார்மோன்களால் எண்ணெய் அதிகம் சுரக்கும். அதே சமயம் உதிர வேண்டிய தோல் செல்கள் துவாரத்தின் வாயிலேயே ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். அடைபட்ட எண்ணெயில் வழக்கமாகத் தோலில் வாழும் பாக்டீரியா பெருகும். உடல் அதை எதிர்த்துப் போராடும்போது சிவந்து, வீங்கி, சீழ் வைக்கும்.

கரும்புள்ளியின் நிறம் அழுக்கால் வந்ததில்லை. அடைப்பில் உள்ள நிறமி காற்றுபட்டுக் கறுத்ததுதான் அது. அதனால் ஒரு நாளைக்கு ஆறு முறை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது, தோல்தான் காயும். காலையும் இரவும் மென்மையான ஃபேஸ் வாஷ் போதும். "அசிங்கமா இருக்கே, முகம் கழுவ மாட்டியா?" என்று கேட்பவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

2. டியூபுக்குள் என்ன இருக்கிறது?

எல்லா ஜெல்லும் ஒன்றில்லை. டியூபில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அதைப் படிக்கப் பழகுங்கள்.

அடாபலீன், டிரெட்டினோயின்: இவை வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த மருந்துகள். துவாரத்தில் அடைப்பு ஏற்படாமல் தடுக்கும். டிரெட்டினோயின் 1971-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து. அடாபலீன் 1996-இல் அங்கே வந்தது. பொதுவாக எரிச்சல் குறைவு. 2016-இல் அடாபலீன் 0.1% ஜெல்லை 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க அமெரிக்கா அனுமதித்தது. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு நாமும் இணையத்தில் ஆர்டர் போட வேண்டாம். மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ முகத்தைக் காட்டிக் கேட்டு வாங்குவதே சரி.

பென்சாயில் பெராக்சைடு: பாக்டீரியாவைக் கொல்லும். துணியில் பட்டால் சாயம் போய்விடும். இதைப் பூசிக்கொண்டு படுப்பவர்கள் வெள்ளைத் தலையணை உறை போட்டுக்கொள்ளுங்கள்.

கிளிண்டாமைசின்: இது ஆன்டிபயாடிக். இதை மட்டும் தனியாக மாதக்கணக்கில் பூசினால் பாக்டீரியா பழகிப்போய் மருந்துக்கு அடங்காமல் போகும். அதனால் மருத்துவர்கள் இதைப் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்து, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தருவார்கள். "அண்ணனோட டியூப் மிச்சம் இருக்கு" என்று எடுத்துப் பூசுவது இந்த மருந்தில் மிகவும் தப்பு.

3. பூசும் முறை

அடாபலீன் போன்ற ஜெல்லுக்கான பொது முறை இது. உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

அ) இரவில் முகம் கழுவி, மெல்லத் துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோலில் பூசினால் எரிச்சல் கூடும்.

ஆ) முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். நெற்றி, இரு கன்னம், தாடை என்று பொட்டு வைத்து மெல்லப் பரப்புங்கள். கூடப் பூசினால் சீக்கிரம் ஆறாது, தோல்தான் உரியும்.

இ) இருக்கிற பருவின் மேல் மட்டும் வைக்காமல், பரு வழக்கமாக வரும் இடம் முழுதும் பூசுங்கள். இந்த மருந்தின் வேலையே இனி வரப் போவதைத் தடுப்பது.

ஈ) கண், உதடு, மூக்கின் ஓரம், வெட்டுக்காயம் ஆகிய இடங்களை விட்டுவிடுங்கள்.

உ) முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசுங்கள். தோல் தாங்கினால் தினமும் பூசலாம். காய்ச்சலாகத் தெரிந்தால் துவாரத்தை அடைக்காத மாய்ஸ்சரைசர் தடவுங்கள்.

ஊ) காலையில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன் கட்டாயம். நம் பினாங்கு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே வெயில் குறையும் மாதம் என்று ஒன்று இல்லை.

புதிய மருந்து எதுவானாலும் முதல் 3 நாள் ஒரு சின்ன இடத்தில் மட்டும் பூசிப் பாருங்கள். டியூபை மோட்டார்சைக்கிள் சீட்டுக்கு அடியிலும் காரிலும் போட்டு வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் மருந்து கெட்டுப்போகும். சில ஜெல்களில் எரிசாராயம் கலந்திருக்கும். பூசியவுடன், அது காய்வதற்குள், விளக்குக்கும் கற்பூரத்துக்கும் பக்கத்தில் முகத்தைக் கொண்டு போக வேண்டாம்.

4. முதல் மூன்று மாதம்

பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். "ரெண்டு வாரமா பூசுறேன், முன்னைவிட மோசமாத்தான் இருக்கு!" என்று டியூபைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத அடைப்பு ஒன்று பருவாக வெளியே வருவதற்குப் பல வாரம் பிடிக்கும். இன்று நீங்கள் பார்க்கும் பரு போன மாதமே உள்ளே ஆரம்பித்துவிட்டது. மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்கு அவை கூட்டமாக வெளியே வரும். கொஞ்சம் சிவப்பும் உரிதலும் இருக்கும். சரியாக வேலை செய்கிறதா என்று முடிவு செய்யக் குறைந்தது 12 வாரம் வேண்டும். எஸ்.பி.எம். தேர்வுக்கு முதல் நாள் இரவு மட்டும் படித்தால் எப்படியோ, கல்யாணத்துக்கு முதல் வாரம் ஜெல் பூசுவதும் அப்படியே.

ஒரு வழி சொல்கிறோம். தொடங்கும் நாளன்று ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மாதம் ஒரு முறை அதே இடத்தில் எடுங்கள். கண்ணாடி தினமும் நம்மைக் குழப்பும். படம் உண்மையைச் சொல்லும்.

5. நம் நிறமும் ஒரு ஆபத்தும்

மாநிறமும் கறுப்பும் உள்ள தோலில் எங்கே வீக்கமோ எரிச்சலோ ஏற்பட்டாலும் ஆறிய பிறகு கறுப்புத் தழும்பு தங்கும். பரு மறைந்தும் அந்தத் தழும்பு மாதக்கணக்கில் இருக்கும். பருவைக் கிள்ளினாலும், ஜெல்லை அப்பினாலும், பற்பசை வைத்தாலும், எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போனாலும் இதே கதிதான். அதனால் நமக்கு "மெதுவாக" என்பது வெறும் புத்திமதி இல்லை. மருந்தின் பாதி அதுதான்.

தழும்பைப் பார்த்துப் பயந்த பிள்ளைகள் அடுத்துத் தேடுவது வெள்ளையாக்கும் கிரீம். இரவுச் சந்தையிலும் இணையத்திலும் "7 நாளில் பளபளப்பு" என்று விற்கிறார்கள். இப்படிப்பட்ட பொருட்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, அவற்றின் பெயர்களை நம் சுகாதார அமைச்சு அவ்வப்போது வெளியிடுகிறது. பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கும். பீட்டாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. முதலில் முகம் பளிச்சென்று ஆகும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய் தெரிந்து, அதனாலேயே பரு வரும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும்; பயந்து மறுபடியும் பூசுவார்கள். அந்தச் சுழலில் மாட்டியவர் பலர்.

ஜார்ஜ் டவுனில் 1969-இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இந்தக் கிரீம்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. ஊருக்குப் போய்வரும் அத்தையும் சித்தியும் வாங்கி வரும் டியூபும் இதில் சேர்ந்ததே. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு மூன்றும் ஒன்றாகக் கலந்த கிரீம்களை இந்தியாவில் நெடுங்காலம் கடையில் கேட்டாலே கொடுத்தார்கள். பல முகங்கள் கெட்ட பிறகு, 2018-இல் பல ஸ்டீராய்டு கிரீம்களுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும் என்று இந்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அத்தை அன்பாகத்தான் தருவார். "நன்றி அத்தை, டாக்டர்கிட்ட காட்டிட்டுப் பூசுறேன்" என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் பதிவான மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். இரண்டும் இல்லாத "மருந்து ஜெல்" எதையும் முகத்தில் வைக்காதீர்கள். பெட்டியும் பெயரும் இல்லாமல் சின்ன வெள்ளை டப்பாவில் வருவதைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நாம் கும்பிடும் கண்ணனும் கறுப்பு, காளியும் கறுப்பு. பருவுக்கு மருந்து தேடுங்கள். நம் நிறத்துக்கு மருந்து தேவையில்லை.

6. திருநீறு, தைப்பூசம், கல்யாணம்

"ஜெல் பூசினால் திருநீறு பூசலாமா?" தாராளமாகப் பூசலாம். அழுத்தித் தேய்க்காமல் மென்மையாக இடுங்கள். இரவு ஜெல்லுக்கு முன் கழுவிவிடுங்கள். தோல் உரிந்து புண்ணாக இருக்கும் இடத்தில் ஆறும்வரை எதையும் வைக்க வேண்டாம். குங்குமத்தில் உள்ள செயற்கைச் சாயம் சிலருக்கு அரிப்பைத் தரும். அப்படியானால் அந்த வகையை மாற்றிப் பாருங்கள்.

தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர்களும் ரதத்தோடு நடப்பவர்களும் பல மணி நேரம் வெயிலில் இருப்பார்கள். ஜெல் பூசும் தோல் சீக்கிரம் கருகும். சன்ஸ்கிரீனை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூசுங்கள். கன்னத்தில் அலகு குத்த நேர்ந்துகொண்டவர்கள் விரதம் தொடங்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஜெல்லை எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்வார். சீழ் வைத்த பரு இருக்கும் இடத்தில் குத்துவது ஆபத்து.

ஜெல் பூசும் இடத்தில் வேக்ஸிங் செய்தால் மேல்தோல் பிய்ந்து வந்துவிடும். அழகு நிலையத்தில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

7. யார் பூசக்கூடாது? எப்போது நிறுத்துவது?

கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் அடாபலீன், டிரெட்டினோயின் பூசக்கூடாது. அவர்களுக்கு வேறு மருந்து உண்டு. ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை இன்னும் கடுமையானது; கருவில் உள்ள குழந்தைக்குப் பெரிய ஊனம் தரக்கூடியது. ஒரு மாத்திரைகூட நண்பர்களோடு பகிரக் கூடாது. புதிதாகக் கல்யாணமான அக்காமார்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கொப்புளம், நீர் வடிதல், தாங்க முடியாத எரிச்சல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கண்ணிமை, உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ காத்திருக்காதீர்கள், 999-ஐ அழையுங்கள். வீட்டுக் குழந்தை ஜெல்லை வாயில் வைத்துவிட்டால் ஆலோசனை கேட்கும் இடம் நம் ஊரிலேயே இருக்கிறது: மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம், எண் 1-800-88-8099.

8. எங்கே போவது?

முதலில் அரசாங்க சுகாதாரக் கிளினிக். மலேசியக் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம். தேவைப்பட்டால் பினாங்கு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். ஆழமான, வலிக்கிற கட்டிகள், குழி விழும் தழும்பு, 12 வாரம் பூசியும் மாற்றமில்லை என்றால் கடிதம் கேட்டு வாங்குங்கள். பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாமல், முகத்தில் முடியும் அதிகம் வந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஹார்மோன் காரணமாக இருக்கலாம். பருவால் வெளியே போகப் பிடிக்காமல், மனம் சோர்ந்து கிடந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லலாம். அதுவும் நோயின் ஒரு பகுதிதான்.

வகுப்பில் கலந்து பேச

1. உங்கள் வீட்டில் இருக்கும் முகக் கிரீம்களை எடுத்துப் பாருங்கள். எதிலெல்லாம் மருந்தின் பெயர் எழுதியிருக்கிறது? எதில் இல்லை?

2. இரண்டு வாரத்தில் ஜெல்லை நிறுத்த நினைக்கும் நண்பனுக்கு என்ன சொல்வீர்கள்?

3. சபையில் ஒருவரின் முகத்தைப் பற்றிப் பேசும் பெரியவருக்கு மரியாதை குறையாமல் எப்படிப் பதில் சொல்வது? இருவர் இருவராக நடித்துக் காட்டுங்கள்.