பிப்ரவரியில் இலங்கை, இரண்டே மைதானங்கள்

கேள்வி: மத்திய அரசுப் பணியில் ஓய்வுபெற்று, மோதி பாக்கில் மகளின் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். லாடோ சராய் குதுப் கோல்ஃப் மைதானத்தில் ஆடுகிறவன். டிசம்பர் கடைசியில் மனைவியோடு ஒரு வாரம் இலங்கை போய், கொழும்பு, கண்டி, நுவரெலியா, அம்பாந்தோட்டை நான்கு இடங்களிலும் ஆட ஆசை. முடியுமா? நான் இடக்கைக்காரன்; மட்டைகளைக் கொண்டுபோக வேண்டுமா?
– ஒரு வாசகர், மோதி பாக், புதுதில்லி

பதில்: நான்கு வேண்டாம் ஐயா, இரண்டு போதும். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு மலைப்பாதையில் ஐந்து மணி நேரமாவது ஆகும். நான்கையும் ஆடினால் உங்கள் வாரம் காரிலேயே கழியும், அம்மாவின் வாரமும் சேர்த்து.

மாதத்தையும் மாற்றுங்கள். டிசம்பர் கடைசியில் தில்லிப் பனிமூட்டத்தில் விமானங்கள் தாமதமாகும். இலங்கை மலைகளிலும் அப்போது மழை இருக்கும். பிப்ரவரியில் கொழும்பும் மலைநாடும் ஒருசேர வறண்டிருக்கும். ஏப்ரல் நுவரெலியாவின் சீசன். அறை கிடைப்பது பாடு. பிற்பகல் இடியும் உண்டு. இடி கேட்டால் மைதானத்தில் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள்.

முதலில் ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப். 1879இல் காலிமுகத்திடலில் தொடங்கி, 1896இல் இன்றைய இடத்துக்கு வந்தது. களனிவெளி ரயில் பாதை மைதானத்தின் ஊடாகவே போகிறது. தில்லிக் குளிர்காலத்தில் வெயில் ஏறட்டும் என்று காத்திருப்பீர்கள். அந்தப் பழக்கம் இங்கே ஆகாது. விடிந்ததும் ஆரம்பித்துவிடுங்கள். புல் ஈரமாக இருப்பதால் பந்து விழுந்த இடத்திலிருந்து அதிகம் உருளாது.

அடுத்தது நுவரெலியா. என் மனம் இங்கேதான். 1889இல் தொடங்கிய கிளப். ஊரின் நடுவிலேயே மைதானம், இருபுறமும் நெடுமரங்கள், குறுகலான பாதை. தூரமாக அடிப்பவரைவிட நேராக அடிப்பவருக்கே ஏற்றது. 6,000 அடிக்கு மேலே காற்று மெல்லியது, பந்து கூடுதலாகப் பறக்கும். வழக்கமாக 7ஆம் எண் இரும்பு எடுக்கும் இடத்தில் 8ஐ எடுத்துப் பாருங்கள். காலையில் கடும் குளிர், தில்லி ஸ்வெட்டர் அவசியம். மாவட்டத்தில் தமிழர்களே பெரும்பான்மை என்பதால் மட்டைப் பை சுமக்க வருபவரிடம் முதலில் தமிழிலேயே பேசிப் பாருங்கள். பந்து அங்கே எப்படித் திரும்பும் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் ஆடும் நேரத்தில் அம்மா சீதா எலியாவில் சீதையம்மன் கோயிலையும், அருகே ஹக்கல தாவரவியல் பூங்காவையும் பார்த்து வரலாம்.

கண்டிக்கு அருகே விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்த மைதானம் அழகானதுதான். அதை அடுத்த பயணத்துக்கு வையுங்கள், அம்பாந்தோட்டையையும்.

மட்டைகளைக் கட்டாயம் கொண்டுபோங்கள். வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்கானவை. பையின் எடைக்கு என்ன கட்டணம் என்று விமான நிறுவனத்திடம் முன்பே கேளுங்கள். ஹேண்டிகேப் சான்றிதழும் காலர் வைத்த சட்டையும் இருக்கட்டும். போய்ச் சேரும் நாளில் ஆட்டம் வைக்காதீர்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் இரண்டு கிளப்புகளுக்கும் எழுதி நாளை உறுதிசெய்துகொள்ளுங்கள். போட்டி நடக்கும் நாட்களில் விருந்தினருக்கு இடம் கிடைப்பது கடினம்.